கழலையறையின் மூன்றாவது உயிர்

மரத்தின் இலையிலோ மொட்டிலோ இளந்தண்டிலோ பூச்சியொன்று முட்டையிட, அவ்விடத்து இழையம் தனக்குரிய வளர்ச்சியை விட்டு விலகி, நடுவில் ஓர் அறையும் அதைச் சூழ்ந்து சத்து நிறைந்த சுவரும் கொண்ட வீக்கமாகத் திரள்வதைத் தாவர நூலார் கழலை என்பர். அறைக்குள் குடம்பி, அதாவது முட்டையிலிருந்து வெளிவந்த புழு, வளர்கிறது. சுவரை ஆக்குவது மரம், ஆக்கத் தூண்டுவது பூச்சி. நெடுங்காலம் இவ்விரண்டை மட்டும் வைத்தே கழலை விளக்கப்பட்டு வந்தது. ஆனால் பல கழலைகளின் உள்ளே மூன்றாவதாகப் பங்கசு, அதாவது வழக்கில் பூஞ்சணம் எனப்படும் உயிர், குடியிருக்கிறது. அது சில கழலைகளில் புழுவுக்கு உணவாகிறது, சிலவற்றில் புழுவைக் கொல்கிறது, சிலவற்றில் இரண்டும் செய்யாமல் ஓரமாகத் தங்கியிருக்கிறது. ஓர் உடம்பை மூன்று உயிர்கள் ஆக்கியும் உண்டும் காத்தும் அழித்தும் வாழும்போது அந்த உடம்பு யாருடையது, அதற்குள் நிகழும் ஊட்டுதல் கொடையா கவர்தலா என்னும் கேள்வி, சைவ சித்தாந்தமும் பௌத்தமும் அருகருகே வேரூன்றிய யாழ்ப்பாணத் தீவுகளின் சிந்தனை மரபுக்கு நேரே உரிய கேள்வியாகும்.

ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய லைடன் தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவை ஆறில்லாத, சுண்ணாம்புக்கல்லின் மேல் மெல்லிய மண் படிந்த நிலங்கள். பனைக்கு அடுத்தபடியாக அங்கே வேம்பு, பூவரசு, புங்கு, ஆல், அரசு முதலியன நிற்கின்றன. ஆழமற்ற கடலோரச் சேற்றில் கண்ணா வளர்கிறது. புங்கிலையின் மேல் பருக்களாக எழும் பச்சை முனைப்புகள் பெரும்பாலும் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணிகளின் வேலை. புங்கம்பூவின் சூலகம் காயாகாமல் உருண்டு வீங்குவது வேறு. அதை ஆக்குவது அஸ்பொண்டிலியா என்னும் சாதியைச் சேர்ந்த, கொசுவைவிடச் சிறிய ஓர் ஈ. நெல்லில் ஆனைக்கொம்பன் நோயை உண்டாக்கும் ஈயும் இதே குடும்பத்தது. இந்தப் புங்க ஈயை விவரித்துப் பெயரிட்ட எம். எஸ். மணி, இந்தியக் கழலைகளைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர். 1964இல் வெளிவந்த அவருடைய கழலைச் சூழலியல் நூலும், 1973இல் வெளிவந்த இந்தியத் தாவரக் கழலைகள் நூலும் இத்துறைக்கு இன்றும் அடிப்படை நூல்களாக இருக்கின்றன. சென்னை லயோலாக் கல்லூரியில் ரி. என். அனந்தகிருஷ்ணன் இலைப்பேன்கள் ஆக்கும் கழலைகளைப் பற்றி நடத்திய ஆய்வுகளும் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

அஸ்பொண்டிலியா சாதியின் ஈக்களில் ஆராயப்பட்டவை ஏறக்குறைய எல்லாமே பங்கசோடு கூடி வாழ்பவை. தாய் ஈயின் வயிற்றின் பிற்பகுதியில், முட்டையிடும் உறுப்பின் அருகே, பங்கசின் வித்திகளைச் சுமப்பதற்கென்றே அமைந்த ஒரு பை இருக்கிறது. வித்தி என்பது விதையின் வேலையைச் செய்யும் நுண்துகள். ஈ மொட்டைத் துளைத்து முட்டையை வைக்கும்போது வித்தியையும் கூடவே வைத்துவிடுகிறது. மரத்தின் இழையம் பருத்து அறை உருவாக உருவாக, அறையின் உட்சுவரில் வெண்ணிறப் பங்கசிழைகள் படர்ந்து, தம் நுனிகளை மரக்கலங்களுக்கிடையே செலுத்திச் சத்தை உறிஞ்சுகின்றன. புழு அவ்விழைகளை உண்கிறது. புழு உண்டுகொண்டிருக்கும் வரை படலம் மெல்லியதாகவே இருக்கிறது. அது கூட்டுப்புழுவாகி உண்பதை நிறுத்தியதும் பங்கசு தடித்துக் கருமை கொள்கிறது. இவ்வறைகளில் மிகுதியாகக் கண்டறியப்பட்ட பங்கசு பொட்ரியோஸ்பேரியா டோதிடியா. உலகெங்கும் மரங்களின் உள்ளே நோய்க்குறி காட்டாமல் ஒளிந்திருந்து, மரம் நலியும் வேளையில் கிளைகளைக் கருகச் செய்யும் அதே பங்கசுதான் இங்கே ஒரு புழுவுக்குப் பாலாகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் தாவரவியலார் நேகர் இத்தகைய கழலைகளுக்குக் கிரேக்கத் தேவர்களின் உணவான அம்புரோசியாவின் பெயரையே சூட்டினார்.

புழு பங்கசை உண்கிறது என்பதோடு செய்தி முடிந்துவிடவில்லை. பிரான்சு நாட்டு ஆய்வாளர் ஒடெற் ரோஃபிரிட்ச் 2008இல் வெளியிட்ட கட்டுரையில், நாணற்புல்லின் தண்டில் வாழும் ஓர் ஈயின் குடம்பிகள் தண்டின் கடினமான சுவரைத் தாமாகத் துளைக்க இயலாதவை என்றும், பங்கசு முன்சென்று கலங்களைப் பிரித்து வழிதிறக்க அவ்வழியே அவை உட்செல்கின்றன என்றும் காட்டினார். அங்கே பங்கசு உணவாக மட்டுமன்றி வாயிலாகவும் கருவியாகவும் நிற்கிறது. அப்படியானால் கழலையை ஆக்கியது யார்? ஈயா, பங்கசா, இரண்டின் தூண்டலுக்கும் இணங்கிய மரமா? கழலையை ஓர் ஈயின் பெயரால் அழைப்பது வகைப்படுத்துவோரின் வசதிக்கு உதவுமே தவிர, நடந்ததைச் சொல்லாது.

தீவு மக்கள் எல்லாருக்கும் பழக்கமான ஒரு கழலை உண்டு. ஆனால் அது தீவில் விளைவதில்லை. குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும் வீடுகளில் சாதிக்காய், கடுக்காய், வசம்பு ஆகியவற்றோடு கல்லில் உரைக்கப்படும் மாசிக்காய், காய் அன்று. துருக்கி முதல் ஈரான் வரையுள்ள ஓக் மரத்தின் கிளையில் ஒரு சிறு குளவி ஆக்கிய கழலை. அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு தனின் என்னும் துவர்ப்புப் பொருள். 1980களில் அமெரிக்க ஓக் மரங்களில் நடந்த ஆய்வு, கழலையில் தனின் மிகுந்திருக்குமிடத்துப் பங்கசுத் தொற்றால் குளவிக்குடம்பிகள் இறப்பது குறைகிறது என்று கண்டது. அமெரிக்க மேற்குக்கரை ஓக் மரங்களில் இலைக்குள் ஒளிந்து வாழும் பங்கசு கழலைக்குள் பரவிக் குடம்பியைக் கொல்வதும் பின்னர்ப் பதிவாயிற்று. கழலைக்குள் புகும் பங்கசு கொலைஞனா, அழுகலைத் தின்னும் தீங்கற்ற உயிரா, குடியேறியா என்று டெனிஸ் வில்சன் 1995இல் ஒரு கட்டுரைத் தலைப்பாகவே கேட்டார். ஆக, ஈயின் அறையில் அமுதாக இருக்கும் பங்கசு குளவியின் அறையில் நஞ்சாக இருக்கிறது. குழந்தையின் நாவில் தடவப்படும் துவர்ப்பு, வேறொரு குழவியைப் பங்கசிடமிருந்து காக்கத் திரண்ட அரண். துளையில்லாத மாசிக்காயே வீரியம் மிக்கது என்று மதிக்கப்படுவதன் காரணமும் இதிலேயே அடங்கும்: துளை என்பது குளவி வளர்ந்து வெளியேறிய வழி, துளையில்லாததில் குளவி உள்ளேயே இறந்திருக்கிறது. கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட வீடு இதை அறிந்திருப்பது நல்லது.

மூடிய வீக்கத்துக்குள் உயிர் எப்படி வந்தது என்ற புதிர் மெய்யியலாரைப் பழங்காலம் தொட்டே அலைக்கழித்தது. உயிர்கள் தோன்றும் வழிகளை முட்டை, வியர்வை, வித்து, கருப்பை என நான்காக வகுத்த இந்திய நூல்கள், பெற்றோர் புலப்படாத சிற்றுயிர்களை வியர்வையில், அதாவது ஈரத்தில், பிறப்பவை என்று வைத்தன. இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி 1668இல் இறைச்சியிலிருந்து புழு தானாகத் தோன்றுவதில்லை என்று சோதனையால் நிறுவியவர். அவரே கழலைப் பூச்சியைக் கண்டபோது, மரத்தின் உயிராற்றலே அதை ஈன்றது என்று கொண்டார். 1679இல் மல்பீகி தாய்ப்பூச்சி முட்டையிடுவதைக் காட்டி அக்கொள்கையை நீக்கினார். ரெடியின் தவற்றைச் சிறுமையாகக் கருதுவதற்கில்லை. மரம் தன் உயிராற்றலைச் செலவிட்டு அந்த அறையைக் கட்டுகிறது என்ற அளவில் அவர் பார்த்தது சரியே, ஈன்றது என்ற முடிவே பிழை.

கழலையும் அதன் பூச்சியும் இந்திய மெய்யியலுக்குள் உவமையாகவே நுழைந்துவிட்டன. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில், மோட்ச தருமப் பகுதியில், புலத்துக்கும் அதை அறியும் உயிருக்கும் உள்ள தொடர்பை விளக்க அத்திப்பழமும் அதனுள் வாழும் கொசுவும் காட்டப்படுகின்றன: அவை எப்போதும் கூடியே இருப்பன, ஆயினும் வேறு வேறானவை. அத்தி, ஆல், அரசு ஆகியவற்றின் பழம் உண்மையில் உள்நோக்கி மூடிய பூங்கொத்து. அதற்குள் நுழையும் பெண்குளவி சில பூக்களின் சூலில் முட்டையிட, அச்சூல்கள் கழலைகளாகின்றன. ஆலுக்கு ஒரு குளவி, அரசுக்கு வேறொரு குளவி. ஆகவே அந்த உவமையின் கொசு ஒரு கழலைப் பூச்சியே என்று துணிந்து சொல்லலாம். உவமையை ஆக்கியவர் கண்டது பழமும் பூச்சியுமாகிய இரண்டை. பயிரிடப்படும் அத்தியில் குளவி மகரந்தத்தோடு பியூசேரியம் என்னும் பங்கசின் வித்திகளையும் பழத்துக்குள் கொண்டுசெல்கிறது என்பதும், அதனால் பழம் உள்ளே அழுகக்கூடும் என்பதும் பிற்காலத்தில் தெரிந்தவை. இரண்டாக இருந்தவரை உடம்பு, உயிர் என்று பிரித்துக் காட்டுவது எளிதாயிருந்தது. மூன்றாவது வந்தபின் எது எதற்கு உடம்பு என்பதே தெளிவில்லாமற் போகிறது.

இவ்விடத்தில் சைவ சித்தாந்தம் துணைக்கு வருகிறது. ஆனால் அது வழக்கமாகச் சொல்லப்படும் முறையில் அன்று. பதிமூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் வழிவந்த இம்மரபு, இறைவன் உயிருக்கு அதன் வினைக்கேற்பத் தருவனவற்றைத் தனு, கரணம், புவனம், போகம் என நான்காக வகுக்கிறது. தனு உடம்பு, கரணம் அறியவும் செய்யவும் உதவும் கருவி, புவனம் வாழும் உலகு, போகம் நுகரப்படும் பொருள். பாடம் கேட்போர் பெரும்பாலும் இவற்றை நான்கு வேறு பொருள்களாகவே மனங்கொள்கின்றனர்: உடம்பு இங்கே, உலகு அங்கே, உணவு தட்டில். கழலையறைக்குள் இந்த எண்ணம் நிற்பதில்லை. அறையின் சுவர் மரத்துக்குத் தனு, புழுவுக்குப் புவனம், பங்கசுக்குப் போகம். சுவரில் படர்ந்த பங்கசிழை பங்கசுக்குத் தனு, புழுவுக்குப் போகம். நாணற்தண்டில் வழிதிறக்கும்போது புழுவுக்குக் கரணமும் அதுவே. ஈயின் வயிற்றுப்பை ஈக்குத் தனுவின் ஓர் உறுப்பு, பங்கசுக்கோ மரம்விட்டு மரம் செல்லும் கரணம். சடவுலகின் மூலமான மாயையிலிருந்து வந்த இப்பொருள்கள் மாறவில்லை. எந்த உயிரின் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதே மாறுகிறது. தனு கரண புவன போகங்கள் நான்கு வகைப் பொருள்களின் பட்டியலாக அன்றி, உயிர் பொருளோடு கொள்ளும் நான்கு உறவுகளாகவே வாசிக்கப்பட வேண்டும் என்பதற்குக் கழலையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இதற்குச் சித்தாந்தி ஒருவர் மறுப்புச் சொல்லக்கூடும். உடம்பு ஓர் உயிரின் வினைக்கு ஏற்ப அமைவது. பல உயிர்களின் வினை சேர்ந்து ஓர் உடம்பை ஆக்குமானால் வினைப்பயன் யாரைச் சேரும் என்ற கணக்குக் குழம்பாதா என்பது அம்மறுப்பு. ஆனால் புவனம் பலருக்குப் பொதுவானது என்பதைச் சித்தாந்தமே ஒப்புக்கொள்கிறது. ஒரே ஊரில் பிறந்தவர் தத்தம் வினையைத் தனித்தனியே நுகர்வது போல, ஒரே சுவரில் மூன்று உயிர்கள் தத்தம் வினையை நுகர்வதற்குத் தடையில்லை. உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாக நிற்கும் என்ற கோட்பாடும் இங்கே புதிய ஆழம் பெறுகிறது. பொட்ரியோஸ்பேரியா கிளையைச் சார்ந்தபோது நோயாகவும், ஈயைச் சார்ந்தபோது உணவாகவும் நிற்கிறது. இவ்விரண்டில் எது அதன் இயல்பு என்று கேட்பதே பொருந்தாது. ஒன்றாய், வேறாய், உடனாய் என்ற மூன்று நிலைகளையும் கழலைக்குப் பொருத்தத் தோன்றுவது இயல்பே. அவ்விடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: அம்மூன்றும் இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவைக் குறித்தவை, உயிருக்கும் உயிருக்கும் இடையே அவற்றை நீட்டினால் சித்தாந்தம் வேறொரு கொள்கையாகிவிடும்.

பங்கசை எந்த வரிசையில் வைப்பது என்பதும் எளிதன்று. தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிராகவும், எறும்பைப் போன்றவற்றை மூவறிவு உயிராகவும், தும்பி முதலியவற்றை நாலறிவு உயிராகவும் வைக்கிறது. பங்கசு நெடுங்காலம் தாவரங்களோடு சேர்த்தே எண்ணப்பட்டது. இன்றைய உயிரியல் அதைத் தனி இராச்சியமாக்கியதோடு, தாவரத்தைவிட விலங்குக்கே அது நெருங்கிய உறவு என்றும் சொல்கிறது. பங்கசின் கலச்சுவரிலும் பூச்சியின் மேலோட்டிலும் இருப்பது கைற்றின் என்னும் ஒரே பொருள். புழு உண்பது தன் சுவரான மரத்தைவிடத் தனக்கு நெருங்கிய உறவை. சமணம் இதற்கு வேறொரு வகைமை வைத்திருந்தது: ஓருடம்பை ஓருயிர் மட்டும் கொண்ட தாவரம் ஒரு வகை, எண்ணற்ற உயிர்கள் ஒரே உடம்பில் கூடி ஒன்றாக உண்டு ஒன்றாக மூச்சுவிடும் தாவரம் மற்றொரு வகை, காளானை அது இரண்டாம் வகையில் சேர்த்தது. ஆல், அரசு, அத்தி முதலிய ஐந்து மரங்களின் பழங்களைச் சமண இல்லறத்தார் விலக்கியதும் அவற்றுள் வாழும் உயிர்களுக்காகவே. உடம்பு பொதுவாக இருக்கலாம் என்ற எண்ணத்தைத் தயக்கமின்றி ஏற்ற மரபு அது ஒன்றே எனலாம்.

நயினாதீவுக்கு வந்தால், மரத்துக்குள் குடியிருத்தல் என்ற செய்தியே அத்தீவின் தொல்கதையாக நிற்கிறது. மகாவம்சம் சொல்லும் வரலாற்றில், மணியாசனத்துக்காகப் போரிட்ட சூளோதரன், மகோதரன் என்னும் நாக அரசர் இருவரையும் சமாதானப்படுத்தப் புத்தர், நயினாதீவென்று கருதப்படும் நாகதீபத்துக்கு வந்தபோது, சேதவனத்து வாயிலில் நின்ற ஒரு மரத்தில் வாழ்ந்த சமித்தி சுமனன் என்னும் தேவன், அம்மரத்தையே பெயர்த்துக் குடையாகப் பிடித்து உடன் வந்தான். அவன் முற்பிறப்பில் நாகதீபத்திலேயே மனிதனாக இருந்தவன். அங்கே உணவு கொண்டிருந்த பச்சேக புத்தர்களுக்கு, அதாவது தாமே தனித்து ஞானம் பெற்றவர்களுக்கு, அவர்களுடைய பாத்திரங்களைத் துடைக்க இலைக்கொத்துகளைக் கொடுத்த பயனாக மரத்தில் வாழும் தேவனானான். மரம் இங்கே ஒருவனுக்கு வீடு, இன்னொருவருக்கு நிழல், வேறொருவருக்குப் பாத்திரம் துடைக்கும் இலை. பௌத்த துறவியர் செடிகொடிகளை அழிக்கக் கூடாது என்ற விதி பிறந்த கதையிலும், துறவி ஒருவர் மரத்தை வெட்டியபோது அம்மரத்தில் குடியிருந்த தெய்வத்தின் குழந்தை அடிபட்டதாகவே சொல்லப்படுகிறது. மரத்தை வெட்டுபவன் மரத்தை மட்டும் வெட்டுவதில்லை என்ற அறிவு அவ்விதியில் உறைந்திருக்கிறது.

மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் நயினாதீவே என்று ஆய்வாளர் பலர் கொள்வர். அங்கே கோமுகிப் பொய்கையிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை எழும் அமுதசுரபி என்னும் உணவு குறையாத பாத்திரம், மணிமேகலையின் கைக்கு வருவதற்கு முன் ஆபுத்திரனிடம் இருந்தது. சிந்தாதேவி தந்த அப்பாத்திரத்தால் அவன் பசித்தவர்க்கு ஊட்டி வந்தான். நாடு மழை பெற்றுச் செழித்து, உண்பாரின்றிப் போகவே கப்பலேறினான். வழியில் ஆளற்ற மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டான். தன் ஒருவன் வயிற்றுக்காக மட்டும் அதைப் பயன்படுத்த விரும்பாமல், பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு உண்ணாதிருந்து உயிர்விட்டான். காப்பியத்தில் இதைவிடக் கடுமையான இடம் அதிகமில்லை. குறையாத உணவு கையில் இருந்தும், பசித்தவர் இல்லாதபோது அப்பாத்திரம் ஊட்டும் பாத்திரமாக இல்லாமற் போகிறது. ஊட்டுவதும் உண்பதும் ஒன்றையொன்று சார்ந்தே தோன்றுகின்றன என்ற எண்ணம், அதே காப்பியத்தின் இறுதியில் பேதைமை தொடங்கி வினைப்பயன் வரை பன்னிரண்டு நிதானங்களாக, அதாவது ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும் காரணத் தொடராக, அறவண அடிகளால் விரித்துரைக்கப்படுகிறது. கழலையறை அத்தொடரை மிகச் சிறிய இடத்தில் காட்டுகிறது: ஈயில்லாமல் பங்கசுக்கு மொட்டினுள் வழியில்லை, பங்கசில்லாமல் புழுவுக்கு உணவில்லை, மரமில்லாமல் இரண்டும் இல்லை. நாகபூசணி அம்மன் கோவிலுக்கு வரும் அடியவர்க்கு அமுதசுரபியின் பெயராலேயே அன்னதானம் நடந்து வருவதை எண்ணும்போது, அக்கதை தீவில் இன்னும் உயிரோடிருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

ஆயினும் அமுதசுரபியோடு கழலையை முழுதாக ஒன்றாக்கிவிடுவது நேர்மையாகாது. ஆபுத்திரன் கொடுத்தான், பங்கசு கொடுக்கவில்லை, அது உண்ணப்படுகிறது. மரத்திடம் யாரும் கேட்கவில்லை. புங்கம்பூ காயாக வேண்டிய தன் சூலை இழக்கிறது. இதற்கு மேலாக, கழலைக்குள் வாழும் புழுவைத் தேடி நுண்குளவிகள் சுவரைத் துளைத்து முட்டையிட, அவற்றின் குஞ்சுகள் புழுவை உயிரோடு தின்று தீர்க்கின்றன. இத்தகைய குளவிகளைக் கருணையுள்ள இறைவன் வேண்டுமென்றே படைத்திருப்பான் என்று தம்மை நம்பவைக்க இயலவில்லை என்று டார்வின் 1860 மே மாதத்தில் ஏசா கிரே என்னும் தாவரவியலாருக்கு எழுதினார். சித்தாந்தம் இறைவனின் அருளை அறக்கருணை, மறக்கருணை என இரண்டாக்கி, துன்பமும் உயிரைப் பிணித்த மலம் தேய்வதற்கான மருந்தே என்று விடையிறுக்கும். அவ்விடை தன் துன்பத்தை எண்ணிப் பார்க்கும் மனிதனுக்குப் பொருள் தரலாம். எண்ணிப் பார்க்க இயலாத புழுவுக்கு அது என்ன மருந்து என்ற கேள்வியைச் சித்தாந்த உரைகள் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை. புழுவின் துன்பம் பல பிறவிகளின் நெடுங்கணக்கில் தீரும் என்பது கொள்கையளவில் முரணற்றது. ஆனால் துளைக்கப்படும் புழுவின் முன் அதை உரக்கச் சொல்லத் துணிவு வேண்டும். துன்பம் உண்டு என்பதிலிருந்தே தொடங்கும் பௌத்தம் இவ்விடத்தில் குறைவாகப் பேசுகிறது. அந்தக் குறைவு இங்கே வலிமையாகிறது.

உடைமை பற்றிய கேள்விக்கு வந்தால், தீவுகளின் வரலாறே உதாரணங்களைத் தருகிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு நகர்களின் பெயர்களைச் சூட்டினர்; காணிகளையும் குடிகளையும் தோம்புகள் என்னும் பதிவேடுகளில் பதிந்தனர். அக்காலத்து ஐரோப்பியர் எழுதிய மை ஓக் கழலையின் தனினையும் இரும்பின் உப்பையும் சேர்த்துக் காய்ச்சியது. இன்ன நிலம் இன்னாருக்கு உரியது என்ற வரிகள், உரிமையாளர் ஒருவரென்று சொல்லமுடியாத ஒரு பொருளின் சாற்றால் எழுதப்பட்டன. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர், புங்குடுதீவைச் சேர்ந்த எழுத்தாளரும் சிந்தனையாளருமான மு. தளையசிங்கம் (1935–1973) 1971இல் அத்தீவில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நன்னீர்க் கிணற்றில் நீரள்ளும் உரிமைக்கான போராட்டத்தில் முன்னின்றார். நன்னீர் அரிதான தீவில் நிலத்தடி நீர் வேலிக்குக் கட்டுப்படாமல் சுண்ணாம்புக்கல்லின் துளைகளினூடே பரவிக் கிடக்கிறது. அதற்கு மேல் எழுந்த கிணற்றுக்கட்டு மட்டும் சிலருடையதாகிறது. சடப்பொருளிலிருந்து உயிரும், உயிரிலிருந்து மனமும், மனத்துக்கு அப்பால் இன்னொரு நிலையும் விரியும் என்று கருதிய தளையசிங்கம் ஆன்மிகத்தையும் சமூக விடுதலையையும் பிரிக்க மறுத்தவர். அவருடைய வரிசை மேல்நோக்கி ஏறுவது. அதில் பங்கசுக்குத் தனியிடம் இல்லை; ஆனால் ஓர் உயிரின் புவனம் இன்னோர் உயிரின் தனுவாக இருக்கும்போது வேலி எங்கே போடுவது என்ற கேள்வி, அவர் நின்ற கிணற்றடியிலும் எழுந்ததே.

நடைமுறையில் இக்கேள்வி தீவின் தோட்டங்களில் ஆண்டுதோறும் எழுகிறது. புகையிலைக்கும் பிற பயிருக்கும் குழை தாழ்ப்பது, அதாவது பூவரசு, புங்கு முதலிய மரங்களின் இலைக்கொத்துகளை வெட்டி மண்ணில் புதைத்து உரமாக்குவது, யாழ்ப்பாண வேளாண்மையின் பழைய முறை. வெட்டிய குழையோடு இலைக்கழலைகளும், பூங்கொத்து இருந்தால் சூலகக் கழலைகளும் மண்ணுக்குள் போகின்றன. கொல்லாமை நோற்கும் சைவக் குடும்பம் இதைக் கொலையாக எண்ணுவதில்லை. மரம் மீண்டும் தளிர்க்கிறது என்பதே அதன் சமாதானம். சமண நெறியில் வைத்துக் கேட்டால், மரம் தளிர்ப்பது குடியிருந்தவர்க்கு விடையாகாது. சித்தாந்த நெறியில் கேட்டால் விடை மூன்று உயிருக்கும் மூன்றாகப் பிரிகிறது: மரத்துக்குத் தனுவின் ஒரு பகுதி போயிற்று, வளர்ச்சி முடியாத புழுவுக்குப் புவனமே போயிற்று, பங்கசுக்கோ, உயிருள்ள இழையத்தைப் போலவே இறந்த இழையத்திலும் வாழத் தெரிந்ததாகையால், ஈரமண்ணில் மக்கும் குழையும் சிறிது காலம் போகமாகத் தொடர்கிறது. ஒரு கத்திவெட்டு ஓருயிருக்கு இழப்பும் ஓருயிருக்கு முடிவும் ஓருயிருக்குத் தொடர்ச்சியும் ஆகிறதென்றால், செயல் ஒன்றாக இருப்பதால் வினையும் ஒன்றே என்று கொள்ள முடியாது. வெட்டியவரின் கணக்கில் அது எத்தனை வினையாக எழுதப்படும் என்பதை உயிர்தோறும் தனித்தனியே கேட்டறிய வேண்டிய கடமை சித்தாந்தத்தைக் கற்போருக்கு உண்டு.